நரி இடம் போனால்

பதினொரு நொடி.
நொடிக்கு இருபத்துநான்கு சட்டகம்,
இரண்டு சட்டகத்துக்கு ஒரு படம் என்றால்
நூற்று முப்பத்திரண்டு.
அதில் நான் வரைந்தவை நூற்றுப் பதினெட்டு.
மீதிப் பதினான்கு வெளிநாட்டிலிருந்து வந்தவை:
நரி எங்கே நிற்கும், எங்கே திரும்பும்
என்று சொல்லும் மூலப் படங்கள்.
நடுவில் கிடக்கும் இடைவெளியை நிரப்புவது எங்கள் வேலை.
அஸ்தம்பட்டியில், பல் டாக்டருக்கு மேல் மாடியில்,
ஒன்பது பேர்.
படம் ஒன்றுக்கு இருபத்தெட்டு ரூபாய்.

மூடுபனியை மட்டும் அவர்கள் அனுப்பவில்லை.
'தேவைக்கேற்ப' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள்.
எனக்குத் தெரிந்த பனி ஒன்றே ஒன்று.
ஏற்காட்டில், நாகலூர் ரோட்டில்,
அது கீழேயிருந்து ஏறும்.
சில்வர் ஓக்கின் இடுப்பு முதலில் காணாமல் போகும்.
மிளகுக் கொடி கொஞ்ச நேரம்
எதையும் பிடிக்காமல் தொங்கும்.
அதைத்தான் வரைந்தேன்,
பெயர் வாயில் நுழையாத ஏதோ ஓர் ஆற்றுப் பாலத்தில்.
பின்னங்கால் முதலில் மறையும்.
வால் நுனி கடைசியில்.

படம் சேலத்துக்கு வரவில்லை. போனில் பார்த்தேன்.
பெயர்ப் பட்டியலில் எங்கள் கம்பெனி, எழுத்துப்பிழையோடு.
நான் 'மற்றும் குழுவினர்'.

ஏழு வருஷம் கழித்து
மூடுபனி வரைவது எப்படி என்று ஒரு காணொளி செய்தேன்.
இடப்பக்கம் நான் எடுத்த மலை,
வலப்பக்கம் நரி.
ஏற்றிவிட்டு வைத்த டீ ஆறவில்லை,
வந்துவிட்டது:
இந்த உள்ளடக்கம் வேறொருவருக்குச் சொந்தம்.

வாஸ்தவம். கூலி வாங்கியாயிற்று.
அன்று கையெழுத்துப் போட்ட நாலு பக்கத்தில்
கை என்று ஒரு சொல் இல்லை.

"பத்து நொடிக்குக் கீழே வெட்டுக்கா, ஒன்றும் ஆகாது"
என்றான் எடிட்டிங் பார்க்கும் லோகப்பிரியன்.
ஒன்பதாக்கினேன். ஆனது.
"அப்போ கண்ணாடி மாதிரி புரட்டிப் போடு.
மெஷினுக்கு இடம் வலம் தெரியாது."
புரட்டினேன். தப்பித்தது.
ஆனால் அது நரி வீடு திரும்பும் காட்சி.
புரட்டியதும்
வீட்டை விட்டுப் போகிறது.
அழித்தேன்.

கோர்ட்டுக்கு எதிரே தட்டுவடை செட் கடையில்
பீட்ரூட் ஒட்டிய விரலோடு சிரித்தார் ஷம்ஷாத் வக்கீல்.
"நரி இடம் போனாலென்ன, வலம் போனாலென்ன,
மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி."
பிறகு துடைத்துக்கொண்டு:
ஐம்பத்திரண்டாம் பிரிவு.
விமர்சனத்துக்கு, ஆய்வுக்கு, நியாயமாக எடுத்தாளலாம்.
"எத்தனை நொடி?"
"நொடிக்கணக்கு சட்டத்தில் இல்லம்மா.
எதற்கு எடுத்தாய், எடுத்து என்ன சொன்னாய்,
அதைக் கேட்பார்கள். கேட்டால்."
"வரைந்ததே நான்தான் என்று எழுதவா?"
"எழுதாதே. அது வேற கேஸ்.
தோற்கிற கேஸ்."

படிவத்தில் ஒரு கட்டம்:
ஏன் இது நியாயம்? ஐந்நூறு எழுத்துக்குள்.
புள்ளி வைத்த எழுத்தை அது இரண்டாக எண்ணியது.
க் என்றால் க ஒன்று, தலையில் இருக்கும் புள்ளி ஒன்று.
நரியைக் காட்டாமல் பனியைக் காட்ட
என்பதோடு இடம் தீர்ந்தது.

பதில் வர முப்பது நாள்.
அதுவரை காணொளி இப்படி ஓடுகிறது:
இடப்பக்கம் மலை, பனி ஏறுகிறது
(அதுவும் யாரோ ஒருவருடைய எஸ்டேட்தான்,
வாட்ச்மேன் அந்தப் பக்கம் போயிருந்தார்).
வலப்பக்கம் பதினொரு நொடிக் கறுப்பு.
கறுப்பின் மேல் என் குரல்,
அதன் மீது மட்டும் புகார் இல்லை:
இதோ, பின்னங்கால்.
இப்போது இடுப்பு.
அவசரப்படாதீர்கள்,
வால் இன்னும் இருக்கிறது.