அவைக்குறிப்பில் ஒரு திருத்தம்

கோட்டைக்குள் முப்பத்தோரு வருடமாகப்
பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறேன்.
அவையின் நடுவே மேசை, இரண்டு பக்கமும் சத்தம்.
முதல் நிமிடம் எப்போதும் புகழ்ச்சிதான்.
அதற்குக் கை தானாகவே ஓடும்,
நடுவில் விரலுக்குச் சொடக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை அன்று
சாப்பாட்டு மணி நெருங்குகிற நேரத்தில்
கடைசி வரிசையில் எழுந்தார் தி. பூங்காவனம்.
ஐந்து நிமிடம் என்றார் பேரவைத் தலைவர்.
குறள் இல்லை, நன்றி இல்லை, எடுத்த எடுப்பில்
"கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்
யாராவது நின்று பார்த்திருக்கிறீர்களா?"
சொடக்கெடுக்கப் போன விரல்
பென்சிலைத் தேடி ஓடியது.

ஒரு சரக்கு ரயில். அதன் வால் போவதற்குள் இன்னொன்று.
ஆம்புலன்ஸின் விளக்கு சுற்றிச் சுற்றி
மூடிக் கிடந்த இட்லிக் கடையின் சுவரை
நீலமாக்கியதைச் சொன்னார்.
உள்ளே ஏழு மாதக்காரி அஞ்சலை, வயது இருபத்துநான்கு.
பத்தொன்பது நிமிடம், என் கடிகாரத்தில் பார்த்தேன் என்றார்.
"மேம்பாலம் வரும்மா" என்றது முன்வரிசை.
"வரட்டும். நான் பாலம் கேட்க எழுந்திருக்கவில்லை.

அவள் கேட்டில் சாகவில்லை ஐயா.
ரத்தம் ஏழு கிராம் என்று சீட்டில் எழுதி
மாத்திரை தீர்ந்துபோச்சு, வியாழக்கிழமை வா என்று
அனுப்பினார்களே, அன்றைக்கே புறப்பட்டுவிட்டாள்.
வியாழக்கிழமைதான் எங்கள் தெருவுக்குத்
தண்ணி லாரி வரும்.
குடத்தை விட்டுவிட்டு எவள் போவாள்?"

தடுப்பு, தடுப்பு என்று ஆறு முறை சொன்னார்.
சிகிச்சைக்கு என்னிடம் குறி உண்டு.
காப்பீட்டுக்கு உண்டு, கட்டடத்துக்கு உண்டு.
இந்தச் சொல்லை மட்டும்
ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுத வேண்டியிருந்தது,
முன்னே பின்னே அவ்வளவு வந்ததில்லை.

"ஆஸ்பத்திரி கட்டினால் ரிப்பன் உண்டு,
கத்தரிக்கோல் வைக்கத் தாம்பாளம் உண்டு.
வராமல் போன காய்ச்சலுக்கு
எந்த அமைச்சர் கல்வெட்டுத் திறப்பார்?
சாக்கடை கலக்காத குழாய்க்கு
யார் பேனர் வைப்பார்?"
சிரித்தார்கள். (சிரிப்பு) என்று எழுதினேன்.
அது சுலபம், அடைப்புக்குறிக்குள் அடங்கிவிடும்.

திருவான்மியூரில் என் மனைவிக்கு
நெஞ்சு அடைத்த இரவு நினைவுக்கு வந்தது.
எட்டே நிமிடத்தில் வண்டி.
குறுக்கே எந்தக் கேட்டும் இல்லை.
இந்நேரம் டிவி முன்னால் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.
அதிர்ஷ்டம் என்றுதான்
பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிவந்தேன்.

"எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது.
கேட் மூடியே இருக்கட்டும்."
நின்றார். பேசவில்லை.
முதலில் கேலி. பிறகு யாரோ இருமினார்கள்.
பிறகு குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும்.
சுருக்கெழுத்தில் எல்லாவற்றுக்கும் கோடு இருக்கிறது,
இதற்கு இல்லை.
பென்சில் முனை அழுந்திய இடத்தில்
ஒரு புள்ளி
தடித்துக்கொண்டே போனது.

மணி அடித்தது. உட்கார்ந்தார்.
பதிலுரையில் அமைச்சர்
மேம்பாலத்துக்கு ஒதுக்கிய தொகையைப் படித்தார்.
மேசைகள் தட்டப்பட்டன.

தட்டச்சுப் படியைத் திருத்தத்துக்கு அனுப்பும்போது
அந்த இரண்டு நிமிடத்தை என்ன செய்வதென்று தெரியாமல்
ஒரு வரியைக் காலியாக விட்டிருந்தேன்.
கேட்பார், பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று
இரண்டு பதில்கள்கூட யோசித்து வைத்தேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தது.
காலி வரியை அவர் தொடவே இல்லை.

பேசுகிறவர் பெயரை
இனிஷியலோடு மூன்று தடவை சரிபார்ப்பது என் வழக்கம்.
பேசப்படுகிறவர் பெயரைக்
காதில் விழுந்தபடியே விட்டுவிடுவேன்.

ஓரத்தில், நீல மையில், ஒரே ஒரு திருத்தம்:
அஞ்சலை இல்லை.
அஞ்சுகம்.