குழாய்க்கே ஏறும் துளி

கதான்ஸ்க் துறைமுகத்தில்
இப்போது கப்பல் கட்டாத கொட்டகை ஒன்று.
உள்ளே இருட்டு. கூரையில் ஒரு குழாய்,
விட்டுவிட்டு வெட்டும் விளக்கு.

குமிழைத் திருகுங்கள் என்கிறது பலகை.
இரேனெயூஷ் திருகினார்.
விழுந்துகொண்டிருந்த துளிகள்
அந்தரத்தில் நின்றன, கண்ணாடிமணியாய்.
இன்னும் கொஞ்சம் திருக
ஒவ்வொன்றாய் ஏறத் தொடங்கின குழாய்க்கே.

பள்ளிப்பிள்ளைகள் ஓவென்றார்கள்.
அவர் மட்டும் தலையைச் சாய்த்தார்.
முப்பது வருஷம் இதே கொட்டகையில்
இரும்புத்தகடு தட்டியதில்
இடக்காது போயிற்று, வலக்காது பாக்கி.

சடசடசடசட
தகரத்தொட்டியில்.
கீழேதான்.

குமிழை விடாமல்
கண்ணை மூடிக்கொண்டார்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.

பதினொன்றுக்கு விளக்கை அணைத்து
தரைத்துணியைப் பிழிகிறாள் போஷெனா.
மேலே போன தண்ணீர்
ஒன்றரை வாளி.