காவிலை

பலகை ஒன்றுக்கு நாற்பது ரூபாய்.
ஏற்காட்டுப் பூங்காவின் மரக்குறிப்புகளைத்
தமிழில் எழுதித் தரும் வேலை எனக்கு.
முப்பத்தொன்று சுலபமாக முடிந்தது.
ஓக் மரத்தடியில் சிக்கிக்கொண்டேன்.
எந்தத் துரை நட்டதோ,
அதன் இலைக்கு ஒரு பெயரடை போட்டிருந்தது:
மார்செசென்ட்.

எவர் வாயிலும் கேட்டதில்லை.
அகராதி மட்டும் தயங்காமல் சொன்னது:
வாடியது, ஆனால் காம்பை விடாதது.

பழுப்பு என்றால் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது.
சருகு என்றால் ஏற்கெனவே தரையில்.
'உதிரா இலை' என்று எழுதிப் பார்த்தேன்.
இலக்கணத்தில் அதற்குப் பெயர்
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.
பெயர் பொருத்தம்தான்.
பச்சை இலையும் உதிராததுதானே என்று அடித்துவிட்டேன்.

"அந்த வார்த்தையை எங்கெல்லாம் போடலாம்?
ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்றார் பெலிக்ஸ் சார்.
அவர் ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதம்.
தினமும் எட்டரை பஸ்ஸில்
நாகலூரிலிருந்து வந்துவிடுகிறார்.
அவர் இடத்துக்கு வந்த நிவேதிதா
ஜன்னலோரம் ஸ்டூலில்
கோப்பை மடியில் வைத்து எழுதுகிறாள்.
சட்டென்று ஒரு வாக்கியம் வந்தது எனக்கு.
"மரத்துக்கு மட்டும்தான் சார் வரும்" என்றேன்.

சாயங்காலம் சேலம் இறங்கும் பஸ்ஸில்
இருபது கொண்டை ஊசியிலும்
அந்தச் சொல்லோடேயே திரும்பினேன்.
அடிவாரம் தாண்டி, கோரிமேட்டுக்கு முன்
ஒற்றைப் பனை.
கழுத்தைச் சுற்றிக் காய்ந்த மட்டைகள்,
காற்றில் தகரச் சத்தம்.

காவோலை!

பழமொழியில் அது விழும், குருத்தோலை சிரிக்கும்.
நான் பார்த்த பனையில் அது விழவில்லை.
குருத்தும் சிரிக்கிற மாதிரித் தெரியவில்லை.

ஓலையைக் கழற்றி இலையை மாட்டினேன்: காவிலை.
கா என்றால் சோலை.
கா என்றால் காப்பாற்று.
பனிக்காலம் முழுக்க அரும்பைப் பொத்தி நிற்குமாம் அந்த இலை,
தளிர் முட்டித் தள்ளும்வரை.
புத்தகத்தில் இந்த இடத்தில்
ஒரு 'இருக்கலாம்' போட்டிருந்தது.

பாக்கிப் பணத்துக்குப் போன சனிக்கிழமை
பலகை நட்டிருந்தார்கள்.
பெயின்டர் நடுவில் இடம் விட்டிருந்தார்.
"கா விலை எவ்வளவுங்க?"
ஆத்தூர்க்காரக் குடும்பம் ஒன்று கேட்டது.

பெலிக்ஸ் சார் நாற்காலியை விட்டு எழுந்து
மரத்தடி வரைக்கும் போனார்.
கிளையை வளைத்துக் காட்டி
என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நிவேதிதா நாற்காலியைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
ஸ்டூலிலேயே உட்கார்ந்து
பேனா மூடியைத் திறந்தாள்.