சனிக்கிழமை எனக்குப் பதிலாக வாசிக்கும் மெர்வினுக்கு

பேஸ் கிற்றாரின் வயிற்றுக்குள்
ஒன்பது வோல்ற் பற்றரி ஒன்று படுத்திருக்கிறது.
அதை நம்பாதே.
வயரைச் செருகி வைத்தாலே கரையும்,
வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும்.
தேத்தண்ணிக்குப் போனாலும் கழற்றிவிட்டுப் போ.
புதிசு ஒன்று பெட்டியின் சின்ன அறையில்,
சோக்ஸுக்குள் இருக்கிறது.
சோக்ஸ் கழுவினதுதான்.

போன ஆவணியில், உப்புவெளியில்,
கேக் வெட்டி முடிந்து
பொம்பிளையும் மாப்பிள்ளையும் ஆட இறங்கின நேரம்
செத்தது.
என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.
ஆடினவர்களுக்கு மட்டும்
காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் போய்
ஒவ்வொருவராய்க் கதிரைக்குப் போனார்கள்,
தங்களுக்குத்தான் களைப்பென்று நினைத்துக்கொண்டு.

தந்தி புதிசில்லை.
இந்த ஊரில் கடல் மூன்று பக்கமும் நின்று
இரும்பைத் தின்கிறது, உனக்குத் தெரியாததா.
புதுச் செற்றுக்கு ஒரு கிழமைச் சம்பளம் வேணும்.
ஆகவே அவித்தேன்:
புட்டுப் பானையில், பத்து நிமிசம், கொஞ்சம் வினாகிரி விட்டு.
கன்னியாவில் தோய்த்தெடுத்தால் போதாதா என்றான் இர்பாஸ்.
ஏழு கிணற்றையும் கூட்டினாலும் அந்தச் சூடு வராதடா.
பிறகு இரண்டு நாள் எங்கள் வீட்டுப் புட்டில் இரும்பு மணந்தது.
ரோகினி இன்னும் என்னோடு கதைக்கவில்லை.
வாசித்து முடிந்ததும் பழைய பெனியனால் துடை,
தந்திக்கு அடியிலும்.

மண்டபம் உவர்மலையில்.
மேடையின் இடப்பக்கப் பிளக்கில் ஏர்த் இல்லை,
மைக்குக்குக் கிட்டப் போனால் சொண்டில் கடிக்கும்.
வலப்பக்கம் செருகு.
ஐஸ்கிறீம் பெட்டியும் அதில்தான் ஓடும்.
அது உறுமும்போது நீயும் உறுமுவாய், பொறுத்துக்கொள்.

அம்பைக் கதிரையில் ஏற்று.
நிலத்தில் வைத்தால் முழங்காலுக்குத்தான் கேட்கும்.
கேட்கவில்லையென்று நீ கூட்டக் கூட்ட
கடைசி வரிசை மேசையில் கிளாஸ்கள் நடக்கத் தொடங்கும்.
சவுண்ட்கார லயனல்
'குறை' என்று கை காட்டுவான்.
தலையாட்டு. குமிழில் விரலை வை. திருப்பாதே.
மூன்றாம் தரமும் காட்டினால்
அவன் சொல்வது சரி.

வயரைத் தோள்வாருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகு.
மாமன்மார் ஆட வருவார்கள்.
ஒருத்தர் மிதிப்பது நிச்சயம்.

தர்மினிக்குத் தடிமன் என்றால்
எல்லாப் பாட்டையும் ஒரு படி இறக்குவாள், சொல்லமாட்டாள்.
சுகிர்தனின் இடது கையைப் பார்த்துக்கொள்.
கீபோட்டில் அந்தக் கை
அடிச்சுரமெல்லாம் தன்னுடைய காணியென்று
உன் எல்லைக்குள் வேலி போடும்.
வழக்குப் பேசாதே. குறைய வாசி.
தனிமை தாங்காமல் தானே மேலே போய்விடும்.

நீ என்னைவிட நல்லா வாசிப்பாய்.
அதுதான் என் பயம்.
பைலாவில் விரல் வித்தை காட்டாதே,
இர்பாஸின் வலது காலோடு இரு.
சாப்பிட்ட பிறகு அந்தக் கால் ஓடும்.
நீ ஓடாதே.

காசைச் சாப்பாட்டுக்கு முன்னம் கேள்.
பிறகு பொம்பிளையின் தகப்பனைக் காண ஏலாது.

சாமான் ஏற்றும்போது தோள்வாரை வெளியே போடாதே,
மான் வரும்.
போன முறை பாதி வாரை உப்புக்குச் சப்பிவிட்டு
தலையை ஆட்டிக்கொண்டு போனது,
எனக்கென்று இந்த ஊரில் இருக்கிற
ஒரே இரசிகை.

நான் அன்றைக்கு மா ஆலையில் இரவு முறை.
ஒன்பது மணிக்கு இடைவேளை,
இறங்குதுறை முனையில் நிற்பேன்.
இடையில் துறைமுகத் தண்ணி முழுவதும் கிடக்கிறது.
தர்மினியின் குரல் இங்கே வராது.
கீபோட் வராது, கைதட்டலும் வராது.
காற்று விட்டால்
தடிச்ச தந்தி மட்டும் வரும்,
நங்கூரம் போட்ட கப்பல் நித்திரையில் புரண்ட மாதிரி.

அப்போது தெரியும்
நீ பற்றரியை மாற்றினாயா என்று.