குலுங்கிய குழாய்

பூம்பாறையிலிருந்து வந்த குழாயில்
மேலே தெளிந்து நிற்கவேண்டிய நீர்
பீட்ரூட் கழுவிய தண்ணீர் போல இருந்தது.
பெயர் குழந்தைவேல். வயது ஐம்பத்து மூன்று.
பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு.

இந்த அளவில்
இதயம் எந்த நிமிடமும் நின்றுபோகலாம்.
டாக்டரைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டேன்.
பிறகுதான் அந்தச் சிவப்பு உறுத்தியது.

கொண்டுவந்தவன் ஜீப் செல்லாண்டி.
முட்டைகோஸ் மூட்டைக்கும் ஸ்டெப்னிக்கும் நடுவே
ஐஸ் டப்பாவை இடுக்கி வைத்திருக்கிறான்.
"ஒரு சொட்டு சிந்தலை மேடம்."
சிந்தவில்லைதான்.
ஒவ்வொரு வளைவிலும் அணுக்கள் உடைந்து
உள்ளே பூட்டி வைத்திருந்ததை
வெளியே கொட்டியிருக்கின்றன.
கொடைக்கானல் சாலையின் கணக்கை
ஒரு மனிதன் பெயரில் எழுத இருந்தேன்.

ஆளையே வரச்சொன்னேன்.
மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தார்.
அதே வளைவு, அதே பள்ளம்,
வழியில் இரண்டு முறை ஜன்னலோரம் வாந்தி.
என்ன குலுங்கினாலும்
தோலுக்குள் இருக்கிற ரத்தம் அப்படி உடைவதில்லை.

ஊசி ஏறும்போது கேட்டார்:
"பொட்டாஷா? பூண்டுக்குப் போடுறதாச்சே அது.
மூட்டை என்ன விலை விக்குது தெரியுமா?
எனக்குள்ள எப்படிம்மா போச்சு?"

இரண்டு புள்ளி ஒன்பது.
மெஷினை மறுபடி ஓட்டினேன்.
இரண்டு புள்ளி ஒன்பதேதான்.

கூடுதல் இல்லை, பற்றாக்குறை.
இரவல் நகையோடு கல்யாணத்துக்குப் போனவள்போல
நேற்று வந்த ரத்தம்
இல்லாததைக் காட்டி நின்றிருக்கிறது.
நம்பியிருந்தால்
மிச்சமிருந்த கொஞ்சத்தையும் இறக்க
மருந்து ஏற்றியிருப்பார்கள்.

பிரஷருக்கு நீர் மாத்திரை தின்கிறாராம்.
தோட்டத்துக்குப் போனால் மறந்துவிடும் என்று
காலையிலேயே இரண்டாக,
ஐப்பசியிலிருந்து.
மூத்திரத்தோடு பொட்டாசியம் போயிருக்கிறது,
மெக்னீசியத்தையும் கூட்டிக்கொண்டு.
இசிஜி தாளில்
குன்று எழவேண்டிய இடத்தில்
தேய்ந்த வரப்பு.

"ராத்திரியில நெஞ்சுக்குள்ள தவளை தாவும்.
குளிருக்குன்னு நினைச்சு
கம்பளியை இழுத்துப் போத்திக்குவேன்."

மூன்றாவது கட்டிலில் படுத்து
பாட்டில் சொட்டுவதை எண்ணிக்கொண்டிருக்கிறார்.
நரம்பு எரிகிறதாம். எரியும், மெதுவாகத்தான் விட்டிருக்கிறது.

பழைய எண் இன்னும் மெஷினில் இருக்கிறது,
அவர் பெயருக்கு நேராக.
குறிப்புக் கட்டத்தில்
'மாதிரி சிதைந்தது' என்று தட்டினேன்.
காரணம் கேட்கும் பெட்டியில்
நான்கு பதில்கள் வந்தன.
அவற்றில் சாலை இல்லை.
'மற்றவை'யை அழுத்திவிட்டு
செல்லாண்டியின் டப்பாவைத் திறந்தேன்.
இன்று மன்னவனூரிலிருந்து பதினொரு குழாய்கள்.
ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.