பொதுச்சுவர்

கீழக்கரையில் அந்த வீட்டைக்
கல்லாகத்தான் வாங்கினேன்.
வீடாக வாங்க ஆளில்லை.
பெண்மக்கள் வழியே இறங்கி இறங்கிப்
பதினேழு பங்கு;
பங்குக்கு இரண்டரை சன்னல்.

நாற்பதாயிரம் தேறும் என்றார்
மேஸ்திரி வேதமாணிக்கம்.
உள்ளங்கை அகலம், இரண்டு விரற்கடை கனம்,
இந்தக் காலச் சூளையில் கிடைக்காத செங்கல்.
கடப்பாரை இறங்கியதும்தான் தெரிந்தது
சிப்பி சுட்ட சுண்ணாம்பு என்ன செய்திருக்கிறதென்று.
சாந்து நிற்கிறது.
கல் உடைகிறது.
மூன்று நாளில் முழுசாக வந்தது நானூறு.
மீதியெல்லாம் சிவப்புத் தூள்,
சோற்றிலும் பல்லிடுக்கிலும்.

கட்டியவன் கெட்டிக்காரன்.
தெருவில் நின்றால் மூன்று கதவு
ஒரே நேர்கோட்டில் தெரியும்.
நாலாவது மட்டும் ஒரு முழம் தள்ளி.
பெண்களின் வீடு
அந்த ஒரு முழத்துக்கு அப்பால்
நூற்றைம்பது வருசம் இருந்திருக்கிறது.
இரண்டாம் நாள் காலை
அந்த முழத்தை எடுத்தோம்.
மீன் கூடையோடு மொபெட்டில் போனவன்
அடுக்களை வரை பார்த்துவிட்டு
ஹாரன் அடித்தபடி போனான்.

மேற்குச் சுவரில் ஒரு மாடம்.
விளக்கு மாடம் என்று நினைத்தேன்;
கரியில்லை.
கையை விட்டால் முதுகில்லை.
அடுத்த வீட்டுக்குள் போய்த் திறந்தது.
முதல் நாள் பதினொரு மணிக்கு
அதன் வழியே ஒரு தட்டு வந்தது, ஆறு டம்ளர் தேநீர்.
மணிக்கட்டு வரைதான் தெரிந்தது,
ஒரு பச்சை வளையல்.
இரண்டாம் நாளும் வந்தது.

மண்ணடியிலிருந்து பங்காளிப் பெண் ஒருத்தி,
ஹாஜரா நாச்சியா, போன் செய்தார்.
தேக்கு உத்தரம் என்ன விலை போனது
என்று கேட்கவில்லை.
“அந்த மாடம்...” என்றார்.
பிறகு, “சரி, ஒண்ணுமில்லை.”

இருபத்தேழு அங்குலச் சுவர்.
பத்திரப்படி பாதி எனக்கு.
பாதியை எடுத்தேன்.
அளவு சுத்தமாக வந்தது;
வேதமாணிக்கம் நூல் பிடித்துக் காட்டினார்.
மாடமும் பாதியானது.
இந்தப் பக்கம் அடுக்களை போய்
வெயில்.

நாலாம் நாள்
அதே பதினொரு மணி.
ஓட்டையிலிருந்து தட்டு வெளியே நீண்டது.
வைத்துவிட்டுக் கையை இழுக்க
விளிம்பில்லை.
டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின.
ஆட்கள் மண்வெட்டியை நிறுத்திவிட்டு
என்னைப் பார்த்தார்கள்.
இடிபாட்டின் மேல் ஏறி
இரண்டு கையாலும் வாங்கினேன்.

உள்ளிருந்து குரல் கேட்டது:
“யாரு, ஹாஜரா வீடா?”

காலுக்குக் கீழே கல் சரிந்தது.
ஆமாம் என்றேன்.