பையில் என்ன

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
என் ஈரலை நலம் விசாரிக்கப் போகிறேன்
கடலூரிலிருந்து முதல் பஸ்ஸில்,
டீகூடக் குடிக்காமல்.

கோரிமேட்டில் ரத்தம் எடுக்கும் பெண்
லேபிளில் என்னை இருசம்மாள் ஆக்கி,
அடித்து, இருசப்பன் ஆக்கி,
நிமிராமல் கேட்டாள்: "குடிப்பீங்களா?"
லிவர் டெஸ்ட் என்றால் இந்த ஊரில்
வேறு கேள்வி கிடையாது.
இல்லை என்றேன். நம்பவில்லை.
பின்னால் நின்றவர் தோளைத் தட்டினார்:
"நானும் விட்டுட்டேன் தம்பி, முடியும்."
சரிங்க என்றேன்.
குடிகாரனுக்கு ஒரு தோள்தட்டல் உண்டு.
உள்ளதைச் சொன்னால்
பக்கத்து நாற்காலி காலியாகிவிடும்.

சிப்காட் எடைமேடையில் வேலை எனக்கு.
லாரி பாரத்தோடு ஒரு எடை,
இறக்கிவிட்டு ஒரு எடை,
கழித்தால் வருவது சரக்கு.
ஆறு வருஷம் முன்னால்
மாத்திரையை நானாகவே நிறுத்தினேன்.
நாலு ராத்திரி தூக்கமில்லை.
தேவனாம்பட்டினத்துக் கடலை
லோடு லோடாக எடைபோட்டுத் தருவதாக
ஒரு டிரைவரிடம் ஐந்நூறு அட்வான்ஸ் வாங்கியிருந்தேன்.
திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து
தில்லைநாயகி சொன்னாள்:
"ஈரக்குலையே ஆடிப்போச்சு."

அன்றிலிருந்து
அவள் ஈரக்குலை ஆடாமலிருக்க
என் ஈரல் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறது.
ஓவர்டைம் கேட்டதில்லை.

போன தடவை முப்பத்தெட்டு. இப்போது ஐம்பத்தொன்பது.
டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார்.
"கொஞ்சம்தான் ஏறியிருக்கு. நீங்களா நிறுத்திடாதீங்க.
கண்ணு மஞ்சளானா, வாந்தி வந்தா அன்னிக்கே வாங்க.
இல்லன்னா அடுத்த மாசம் மறுபடி பார்ப்போம்."

திரும்பும் வழியில் ஆல்பேட்டை செக்போஸ்ட்.
பாட்டில் தேடி ஏறிய காவலர்
என் மடியைத் தட்டினார்: "பையில என்ன?"
மாத்திரை அட்டைகள் சலசலத்தன.
ரிப்போர்ட்டைப் பிரித்தார், லிவர் என்பதை வாசித்தார், சிரித்தார்.
"குடிச்சே கெடுத்துக்கிட்டியா?"

ஏன் என்று தெரியவில்லை,
எடைச்சீட்டு வாசிக்கும் குரலில் சொன்னேன்:
"மாத்திரை மனசுக்கு.
அது ஈரலைத் தொடுதான்னு பார்க்கத்தான் இந்த டெஸ்ட்டு."

தப்பான மடிப்பில் மடித்துக் கொடுத்துவிட்டு
அடுத்த சீட்டுக்குப் போனார்.
பக்கத்தில் இருந்தவர் எழுந்துகொள்ளவில்லை.
பஸ்ஸில் வேறு இடமில்லை என்பதாலும் இருக்கலாம்.

வீட்டில், மீன் விலை கேட்பதுபோல்
"எவ்ளோ?" என்றாள்.
சொன்னேன்.
காலண்டரில்
காஸ் சிலிண்டர் வந்த தேதிக்குக் கீழே எழுதினாள் 59,
அடுத்த மாதத் தாளையும் தூக்கி
ஒரு வட்டம் போட்டாள்.
பிறகு சோறு. பிறகு
ரெண்டு மாத்திரை.